பன்னிரண்டு கிலோ கட்லாவின் பசி

அத்தியாயம் 5

"செத்துருந்தா மெதந்துருக்கும். மெதக்கல. அப்ப சாகல. சாகலைன்னா உள்ளதான இருக்கணும். உள்ள இருந்தா ஏன் கண்ணுல படல?"

துப்பறியும் கோட்டைச்சாமி இப்படிக் கேட்டுவிட்டுத் தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பழனிசெட்டிபட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அவருடைய ஆபீஸ். எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஜோதிகாவுக்கு, அவர் கேள்வி கேட்கிறாரா, தன்மேல் கேஸ் எழுதுகிறாரா என்று விளங்கவில்லை. பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அதக் கண்டுபிடிக்கத்தாண்ணே அந்தப் புள்ள ரெண்டு பஸ்சு மாறி வந்துருக்கு. அதுக்கிட்டயே கேட்டா எப்படி?" என்றாள் முனீஸ்வரி. அந்த ஆபீசின் உதவியாளர், கூட்டிப் பெருக்குபவர், மேலதிகாரியைத் திருத்துபவர் எல்லாம் அவள்தான்.

ஜோதிகாவுக்குப் பதினேழு வயது. காமயகவுண்டன்பட்டியில் பிளஸ் டூ படிக்கிறாள். பல்லி, இன்ஸ்பெக்டர் வேடம் போட்டவர், போன் மணி, தன் அப்பா முத்துவீரன் ஆகிய நான்குக்கும் பயப்படுவாள். கடந்த ஒன்பது நாளாக ஐந்தாவதாக ஒரு மீனுக்கும் பயந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்காமல் அவள் கொட்டிய கதை இதுதான்.

அவளுடைய பெரியப்பா வீரணனுக்குத் திராட்சைத் தோட்டம். தோட்டத்து மூலையில் தார்ப்பாய் விரித்த ஒரு பண்ணைக்குட்டை. அதில் ஒரே ஒரு கட்லா மீன். ஒன்று என்றாலும் பன்னிரண்டு கிலோ. அதன் பெயர் ஜமீன். ஊருக்கு யார் வந்தாலும் பெரியப்பா முதலில் ஜமீனைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் பெரியம்மாவைப் பற்றிச் சொல்வார். சபரிமலைக்குக் கிளம்பும்போது, கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து சாத்துக்குடி அளவில் ஐந்து உருண்டை பிடித்து, காலை ஆறு மணிக்கு ஒரு தட்டில் வைத்துக் கயிறு கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று ஜோதிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பெருவழியில் நடந்து போகிற கூட்டம் என்பதால் திரும்பப் பத்து நாளாகும்.

ஜோதிகாவுக்குத் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்க ஆசை. அப்பாவுக்கு அவளைத் தேனியைத் தாண்டி அனுப்ப மனசில்லை. அப்பா பேச்சைத் தட்டக்கூடிய ஒரே ஆள் பெரியப்பாதான். "நான் வர்ற வரைக்கும் ஜமீன நல்லாப் பாத்துக்க ஆத்தா. ஒப்பன்ட்ட நான் பேசுறேன். ஒரு மீனயே பாத்துக்கத் தெரியலைன்னா படிச்சு என்ன பண்ணப் போற?" என்று முடித்திருந்தார்.

"ஒம்போது நாளா சார்," என்று ஜோதிகாவின் குரல் கீழே இறங்கியது. "வைக்கிறது எல்லாம் காலியாகுது. ஆனா மீன ஒரு நா கூடப் பாக்கல. பெரியப்பா இன்னைக்கு அஞ்சு மணிக்கு வந்துருவாக. கூட ஒரு வேன் நெறைய சாமிமார் வர்றாகளாம், ஜமீனப் பாக்க."

இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்வதற்குள் பையின் வாரை முறுக்கி முறுக்கி ஒரு வழி பண்ணிவிட்டாள். புதன்கிழமை அடுத்த தோட்டத்து அய்யம்மாள் அத்தை வீட்டிலிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது. பெரிய வாசம்.

கோட்டைச்சாமி எழுந்தார். சந்தேகத்துக்குரிய நபர்களைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவைப்பது அவர் வழக்கம். வழக்கு தூரத்தில் இருந்தால் அவருக்குச் சந்தோஷம். டிக்கெட் நிறையக் கிடைக்கும்.

---

சின்னமனூர் தாண்டுவதற்குள் அவர் ஒரு டிக்கெட்டில் குற்றவாளி அய்யம்மாள் என்று எழுதி அடியில் கோடு போட்டுவிட்டார். கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் ஏறும்போது முனீஸ்வரி, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் பன்னிரண்டு கிலோ மீனைக் குழம்பு வைத்தால் சட்டியை எங்கே வாங்கியிருப்பாள் என்று கேட்டாள். கோட்டைச்சாமி அந்தக் கோட்டை அழிக்க முயன்றார். பேனா மை. அழியவில்லை.

பஸ்சில்தான் ஜோதிகா தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். விலங்கியல் நோட்டின் கடைசிப் பக்கம். வண்ண மீன் தொட்டிக்கு விற்கிற சின்ன வெப்பமானி ஒன்றை அவள் கம்பத்தில் வாங்கிவைத்திருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீரின் சூட்டையும், எட்டு மணிக்குத் தட்டில் என்ன மிச்சம் என்பதையும் எழுதியிருந்தாள்.

முதல் நாள் இருபத்தாறு டிகிரி; ஐந்து உருண்டை; மிச்சமில்லை. மூன்றாம் நாள் மலையில் மழை பெய்து வாய்க்கால் தண்ணீர் குட்டைக்குள் வந்தது. இருபத்து மூன்று, மிச்சமில்லை. ஆறாம் நாள் பனி. இருபத்தொன்று, மிச்சமில்லை. எட்டாம் நாள் இருபது. அன்றைக்குப் பயத்தில் அவள் எட்டு உருண்டை வைத்தாள். மிச்சமில்லை.

"நல்லாச் சாப்புடுது போல," என்றார் கோட்டைச்சாமி.

ஜோதிகா தயங்கினாள். தான் சொல்வது பெரியவர்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று எப்போதும் தயங்குகிறவள் அவள். ஆனால் மீன் என்று வந்துவிட்டால் அவளுக்கு நாக்கு நிற்காது.

"அதான் சார் பயமா இருக்கு. மீனு அப்படிச் சாப்புடாது. அதோட ரத்தச் சூடு தண்ணி எப்படியோ அப்படித்தான். தண்ணி குளுந்தா செமிக்காது, பசிக்காது, அடியில போயிச் சும்மா கெடக்கும். குளுரக் குளுரக் கொறையணும். இது கொறையவே மாட்டேங்குது."

பெரிய மீனுக்கு இன்னும் குறையும் என்றாள். விரல் நீளக் குஞ்சு தன் எடைக்கு நிறையத் தின்னும், வளர வேண்டும் அல்லவா? வளர்ந்து முடித்த மீனுக்கு எடை கூடினாலும், அந்த எடைக்குத் தேவைப்படும் தீனியின் பங்கு குறைந்துகொண்டே வரும்.

முனீஸ்வரிக்கு இது உடனே பிடிபட்டது. தன் அக்கா மகனுக்கு ரெண்டு வயசு, விடிஞ்சதிலிருந்து வாய் ஓயாது. மாமனார் மூட்டை கணக்காக இருக்கிறார், ராத்திரிக்கு ஒரு தோசைதான் என்றாள். அப்புறம் கோட்டைச்சாமி கையிலிருந்த மூன்றாவது போண்டாவைப் பார்த்துவிட்டு, "விதிவிலக்கும் இருக்கும் போல," என்றாள்.

கோட்டைச்சாமி போண்டாவைக் கீழே வைத்தார். ஏதோ யோசனை வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

---

குட்டை பச்சைப் பசேலென்று இருந்தது. உள்ளே மீன் இருக்கிறதா, மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. கோட்டைச்சாமி கரையில் குனிந்து, தார்ப்பாயில் வழுக்கி, முழங்கால் வரை தண்ணீருக்குள் போய், அதையும் விசாரணையின் ஒரு பகுதி மாதிரிக் காட்டிக்கொண்டு மேலே வந்தார். தண்ணீர் குளிராக இருக்கிறது என்று அறிவித்தார்.

அன்று காலை ஜோதிகா இறக்கிய தட்டை மேலே தூக்கினார்கள். ரெண்டு சாண் அகல அலுமினியத் தட்டு. காலி. கோட்டைச்சாமி அதை வெயிலில் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதில் அவருடைய முகம் தெரிந்தது.

"ஆத்தா, மீனு தின்னா எப்படித் திங்கும்?"

உருண்டையை முட்டி முட்டிக் கரைத்துத்தான் தின்னும், சுற்றிலும் மாவு சிதறிக் கிடக்கும் என்றாள் ஜோதிகா.

"இதுல சிதறலும் இல்ல, துகளும் இல்ல. வெளக்கி வச்ச மாதிரி இருக்கு. முனீசு, இது தின்ன தட்டு இல்ல. நக்குன தட்டு."

முனீஸ்வரி அதற்குள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுக் கயிற்றின் மறுமுனை கரையில் அடித்திருந்த முளையில் கட்டியிருந்தது. ஜோதிகாவைக் கூப்பிட்டு, இந்த முடிச்சு நீ போட்டதா என்று கேட்டாள். ஜோதிகாவுக்கு ரெட்டை முடிச்சு மட்டும்தான் தெரியும். அதையும் பயத்தில் மூன்றாகப் போடுவாள். முளையில் இருந்ததோ ஒரு இழுப்பில் இறுகி, ஒரு இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சு.

"எங்க ஊர்ல இதத்தான் ஆடு கட்டப் போடுவோம்," என்றாள் முனீஸ்வரி. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு கறுப்பு முடியை இரண்டு விரலால் எடுத்தாள். "அண்ணே, கட்லாவுக்குத் தாடி உண்டா?"

கோட்டைச்சாமி நிமிர்ந்தார். இந்த இடத்தில் ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்று பஸ்சிலேயே தயார் பண்ணிவைத்திருந்தார் போலும்.

"குளுரக் குளுரப் பசி அடங்குனா அது மீனு. குளுரக் குளுரப் பசி கூடுனா, அந்த ஆளுக்கு ரத்தம் சூடு. நாம தேடுற ஆளு தண்ணிக்குள்ள இல்ல. கரையில இருக்கான்."

கரையில் இருந்தான். அடுத்த தோட்டத்து வேப்பமரத்தடியில், கழுத்தில் மணியும் நெற்றியில் மஞ்சளுமாக நின்றிருந்தான். அய்யம்மாள் மாசித் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டிருந்த கறுப்புக் கிடா. பெயர் மாப்பிள்ளை. குறுக்குவாட்டில் கிடா மாதிரி இல்லை, பீரோ மாதிரி இருந்தான். அவனைக் கட்டியிருந்த கயிற்றில் அதே உருவு முடிச்சு.

---

அய்யம்மாள் மறைக்கவே இல்லை. துப்பறியும் நிபுணர் என்று கோட்டைச்சாமி அட்டையை நீட்டியபோது, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கூரைச் செருகலில் வைத்தாள். புதன்கிழமைக் குழம்பு கம்பத்தில் வாங்கிய மத்தி மீன் குழம்பு என்றாள். வேண்டுமானால், முள்ளைத் தின்ற கூரை எரவாணத்துப் பூனையிடம் கேட்கச் சொன்னாள்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி தட்டத் தூக்கி மாப்பிள்ளைக்குக் காட்டிட்டு, மறுபடி எறக்கி வச்சுருவேன். இன்னைக்கு நேத்தா? ஒரு வருசமா நடக்குது."

ஜோதிகாவுக்கு அழுகை முட்டியது. திருடினால் ஒளிய வேண்டாமா? இப்படி அரிசி களைந்துகொண்டே சொன்னால் அதை எப்படித் திருட்டு என்று சொல்வது? ஜமீனுக்குப் போட்ட தீனியை எடுத்துக் கிடாய்க்கு ஊட்டினால் மீன் என்ன தின்னும் என்று, தன் வாழ்நாளிலேயே முதல் முறையாகக் குரலை உயர்த்திக் கேட்டாள். உயர்த்தியது தனக்கே கேட்டுவிட்டதால் உடனே இறக்கிக்கொண்டாள்.

"மீனு தின்ன மிச்சத்தத்தானடி எடுத்தேன்," என்றாள் அய்யம்மாள். "ஒங்க பெரியப்பா அஞ்ச எறக்கிட்டு மீசைய முறுக்கிக்கிட்டுப் போயிருவாக. கோடையில ரெண்டு திங்கும். இப்பப் பனிக்கு அரை உருண்டைய மோந்து பாக்கும், அம்புட்டுத்தான். மத்தது ஊறும். ஊறுனா நாறும். நெனப்பிருக்கா, மொதல்ல இங்கன இருவது மீனு இருந்துச்சு. தினம் ஒண்ணா மெதந்துச்சு. ஊரே கண்ணு வச்சுருச்சுன்னு ஒங்க பெரியப்பா பூசணிக்காய் ஒடச்சாக. கண்ணும் இல்ல, காதும் இல்ல. தண்ணி கெட்டுப் போச்சு. இந்த ஒண்ணாவது பொழைக்கட்டும்னுதான் எடுத்தேன். எடுத்தத வீசுறதுக்கு மனசு வரல."

அவரிடமே சொல்லியிருக்கலாமே என்று கோட்டைச்சாமி கேட்டார்.

"அவுககிட்டயா? 'என் மீனுக்குப் பசிக்கலையா'ன்னு மூணு மாசம் பேச்சு வார்த்தை இருக்காது. இந்தா, இவ முந்தாநா எட்டு வச்சா. மாப்பிள்ளைக்கு நேத்து முழுக்க வயித்தால போயிருச்சு. அதுக்கு நான் யார்ட்டப் போயிக் கேக்க?"

கோட்டைச்சாமி டிக்கெட்டில் அய்யம்மாள் பெயரை மறுபடி அழிக்கப் பார்த்தார். குற்றவாளி என்று எழுதியிருந்த இடத்தில் காப்பாற்றியவர் என்று திருத்துவதற்கு அந்தச் சிறு காகிதத்தில் இடமில்லை.

ஜோதிகா வேறு எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"அக்கா," என்று முனீஸ்வரியின் கையைப் பிடித்தாள். "ஜமீன யாரும் எடை போட்டதே இல்ல."

குஞ்சு விற்றவர் பெரியப்பாவிடம், நூறு கிராம் உடம்புக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம் தீனி திங்கும் என்று சொல்லியிருந்தார். வெயில் காலத்தில், விரல் நீளக் குஞ்சுக்குச் சொன்ன கணக்கு அது. பெரியப்பா அதைத் திருப்பிப் போட்டார். தட்டில் அரைக் கிலோ வைத்தேன், அரைக் கிலோவும் காலி, அப்படியென்றால் மீனின் எடை பன்னிரண்டரைக் கிலோ. தற்பெருமை கூடாது என்று அரைக் கிலோவைக் குறைத்துத்தான் ஊருக்குச் சொன்னார்.

"ஆக," என்றாள் முனீஸ்வரி, வேப்பமரத்தடியைப் பார்த்து, "அந்தப் பன்னெண்டு கிலோ இங்கன கட்டிக் கெடக்கு."

---

ரெண்டு மணிக்கு வெயில் குட்டையில் நேராக விழுந்தது. மேல்தண்ணீர் இருபத்தைந்துக்கு வந்திருந்தது. ஜோதிகா எலுமிச்சை அளவில் ஒரே ஒரு உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து, ஒரு முழ ஆழத்துக்கு மட்டும் இறக்கினாள். மூன்று பேரும் கரையில் குப்புறப் படுத்தார்கள். கோட்டைச்சாமி குல்லாவைக் கழற்றினார். மீனுக்கு மரியாதை செய்கிறாரோ என்று ஜோதிகா நினைத்தாள். காது அரித்ததாம்.

கால் மணி நேரம் கழித்துப் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு நிழல் அசைந்தது. பெரிய தலை, மேல்நோக்கித் திறந்த வாய், வெள்ளிச் செதில். ஜமீன் அவசரமே இல்லாமல் வந்து, உருண்டையை முட்டி, கொஞ்சம் தின்று, மிச்சத்தை விட்டுவிட்டுத் தட்டின் மேல் அசையாமல் நின்றது. உயிரோடு இருந்தது. ஜோதிகா ஒன்பது நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.

ரெண்டு சாண் தட்டு. ஜமீனின் தலை ஒரு பக்கம் நாலு விரல், வால் மறுபக்கம் நாலு விரல் வெளியே நீண்டிருந்தது.

"மூணு கிலோ," என்றாள் ஜோதிகா மெதுவாக.

"செதிலோட," என்றாள் முனீஸ்வரி.

கோட்டைச்சாமி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வழக்கு முடிந்தது, மீன் கிடைத்தது, இதற்குமேல் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்சைப் பற்றி விசாரித்தார். பாதி வழியில் இந்தப் பிள்ளையைக் கைவிட்டுப் போகிறீர்களா என்று முனீஸ்வரி பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

---

வேன் நாலே முக்காலுக்கே வந்துவிட்டது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் பின்னால் பதினோரு சாமிமார் கரையில் வரிசையாக நின்றார்கள். நரைத்த தாடியோடு குருசாமி, கம்பை ஊன்றிக்கொண்டு, பம்பையிலிருந்து இதே பேச்சாக வருகிறது, அந்த மீனைக் காட்டப்பா என்றார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, ஐந்து உருண்டையைக் கொண்டுவரச் சொன்னார். வாசம் பட்டதும் மேலே வரும், பார்த்து மிரள வேண்டாம் என்று சாமிமாரை எச்சரித்தார்.

ஜோதிகா உருண்டைகளோடு கரைக்கு வந்தாள். உருண்டையை இறக்கினால் மீன் வரலாம். வந்தால் மூன்று கிலோ தெரியும். பெரியப்பாவின் தலை வேன் முன்னாலேயே கவிழும். அப்புறம் தூத்துக்குடியும் கிடையாது, தேனியும் கிடையாது. வராவிட்டால் ஐந்தும் ஊறும், நாறும். அவள் கோட்டைச்சாமியைப் பார்த்தாள். அவர் குல்லாவுக்குள் போயிருந்தார்.

"இப்பப் போடக் கூடாது பெரியப்பா," என்றாள்.

பெரியப்பாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. அவரிடம் யாரும் கூடாது என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

"தண்ணி குளுந்துருச்சு. குளுந்தா மீனுக்குச் செமிக்காது. ஒடம்பு வளர வளர, அந்த ஒடம்புக்குத் தீனியும் கொஞ்சமாத்தான் வேணும். நாம ஆசைக்குப் போட்டா அது கிடந்து அழுகித் தண்ணியக் கெடுத்துரும். அந்தப் பத்தொம்போதும் அப்படித்தான் போச்சு. இனிமே மதியத்துல, வெயிலு ஏறுனப்புறம், ஒரே உருண்டை. அதுக்கு மேல நான் போட விட மாட்டேன்."

அடுத்த தோட்டத்தில் மாப்பிள்ளையின் மணி ஒரு தடவை ஆடியது. குருசாமி கம்பை மாற்றி ஊன்றினார். ஒரு வேளை உணவோடு நாற்பத்தொரு நாள் இருந்தவர் அவர்.

"மாலை போடாமயே வெரதம் இருக்குதா," என்றார். "வீரணா, மார்கழியில ஒரு சீவன் வெரதத்துல இருக்கையில அதக் கூப்புட்டுக் காட்டுன்னு கேட்டது எங்க தப்பு." குட்டையை நோக்கிக் கும்பிட்டார். பதினோரு பேரும் பச்சைத் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு வேனுக்குத் திரும்பினார்கள்.

வேன் போன பிறகு ஜோதிகா தட்டை எடுத்துவந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு, முடிச்சு, கிடா, நாலு கிராம் கணக்கு. கடைசியில் தட்டின் இரு பக்கமும் நாலு நாலு விரலை வைத்துக் காட்டினாள். அளவைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பெரியப்பா அந்த விரல்களுக்கு இடையில் இருந்த தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

சாருக்கும் அக்காவுக்கும் அய்யம்மா அத்தைக்கும் தெரியும் என்றாள். பிறகு, நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக, மாப்பிள்ளைக்கும் தெரியும் என்றாள்.

"எங்க ஆபீசுல ரகசியம் வெளிய போகாது," என்றார் கோட்டைச்சாமி. கையில் இருந்த டிக்கெட்டை அந்த இடத்திலேயே கிழித்தார்.

"அய்யம்மாவுக்கு இனிமே மாசம் ஒரு மூட்டப் புண்ணாக்கு நானே குடுத்துர்றேன். பேசமாட்டா," என்றார் பெரியப்பா. அப்புறம் ஜோதிகாவை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை தெரிந்த, இத்தனை நேராகப் பேசுகிற ஒரு ஆள் இதே ஊரில், இதே குட்டைக்குப் பக்கத்தில், வருஷக்கணக்காக நடமாடினால் என்ன ஆகும் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"ஆத்தா, தூத்துக்குடி இங்கனருந்து எம்புட்டுத் தூரம்?"

பஸ்சில் அஞ்சாறு மணி நேரம் ஆகும் என்று அவள் பயந்துகொண்டே சொன்னாள்.

"நல்ல தூரந்தான்," என்றார் பெரியப்பா, நிம்மதியாக. "இன்னைக்கே ஒப்பன்ட்டப் பேசுறேன்."